மவுஸைத் தள்ளி வையுங்கள்

கணினி முன் அமர்ந்திருக்கிறீர்களா? ஒரு சிறிய சோதனை. மவுஸை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். மடிக்கணினி என்றால் தொடுபலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். நீங்கள் அடிக்கடி போகும் ஓர் இணையத்தளத்தைத் திறந்து, விசைப்பலகையின் இடப்பக்கம் இருக்கும் ‘டேப்’ விசையை மட்டும் மீண்டும் மீண்டும் அழுத்துங்கள். மேக் கணினியில் சஃபாரி உலாவி வைத்திருப்பவர்கள் ‘ஆப்ஷன்’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.

என்ன நடக்கிறது? நன்றாகக் கட்டப்பட்ட தளத்தில், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓர் இணைப்பையோ பொத்தானையோ சுற்றி ஒரு வளையம் தோன்றும். நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதை அந்த வளையம்தான் சொல்கிறது. ‘என்டர்’ விசையை அழுத்தினால் அந்த இணைப்பு திறக்கும். சில தளங்களில் முதல் அழுத்தலிலேயே ‘முதன்மைப் பகுதிக்குச் செல்க’ என்று ஒரு மறைந்திருந்த இணைப்பு தலைகாட்டும். மேலே உள்ள முப்பது நாற்பது இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கடக்காமல் தாண்டிப் போவதற்கான வழி அது.

மற்ற பல தளங்களில் வளையமே தெரியாது. பத்து முறை அழுத்திய பிறகு எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்கே புரியாது. இன்னும் சிலவற்றில் வளையம் தெரியும்; ஆனால் நீங்கள் அழுத்த வேண்டிய பொத்தானை மட்டும் அது தொடாமல் தாண்டிப் போய்விடும்.

உங்களுக்கு இது ஐந்து நிமிட விளையாட்டு. பிறகு மவுஸை எடுத்துக்கொள்ளலாம். கை நடுக்கம் உள்ளவர்கள், பார்வையற்றவர்கள், விபத்தில் கையை இழந்தவர்கள் மவுஸைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். அவர்களில் பலருக்கு விசைப்பலகையோ, அதைப் போலச் செயல்படும் வேறொரு கருவியோதான் ஒரே வழி. அந்தப் பொத்தான் ‘விண்ணப்பத்தை அனுப்பு’ என்ற பொத்தானாக இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

நான் இணையப் பக்கங்களை உருவாக்கும் நிரலாளர். இந்தத் தொழிலைப் பற்றி மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் கணினிமொழி படிக்கலாம்?” என்பதுதான். அதற்கு விடை சொல்வதற்கு முன் மேலே உள்ள பொத்தானைப் பற்றிப் பேச விரும்புகிறேன். என் தொழிலின் பெரும்பகுதி அந்தப் பொத்தானுக்குள் இருக்கிறது.

வேடம் போட்ட பொத்தான்

இணையப் பக்கத்தின் எலும்புக்கூடு எச்டிஎம்எல். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது ‘பட்டன்’. இவற்றோடு ‘டிவ்’ என்று ஒன்றும் உண்டு. அது வெறும் பெட்டி. அதற்கென்று எந்தப் பொருளும் கிடையாது. அழகூட்டும் மொழியான சிஎஸ்எஸ்-ஐக் கொண்டு அந்த வெறும் பெட்டிக்கு நிறம் பூசி, ஓரங்களை வளைத்து, அசல் பொத்தானைப் போலவே காட்டிவிடலாம். மவுஸால் அழுத்தினால் வேலை செய்யும்படி நிரலும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

ஆனால் உலாவிக்குத் தெரியும். அசல் ‘பட்டன்’ என்றால் ‘டேப்’ விசை அதில் வந்து நிற்கும். ‘என்டர்’ அழுத்தினாலும் வேலை செய்யும், இடைவெளி விசையை அழுத்தினாலும் வேலை செய்யும். அதிலும் ஒரு நுணுக்கம்: ‘என்டர்’ விசை அழுத்தியவுடனே செயல்படும், இடைவெளி விசையோ விரலை எடுக்கும்போதுதான் செயல்படும். இவற்றையெல்லாம் உலாவியே கவனித்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. வேடம் போட்ட ‘டிவ்’வுக்கு இவை எதுவும் வராது. ஒவ்வொன்றையும் நிரலாளர் தம் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை.

உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு விதமாக வைத்திருக்கிறது. ஒன்று நீங்கள் பார்க்கும் படம். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு மரம்: ‘இங்கே ஒரு தலைப்பு, அதன் கீழ் ஒரு படிவம், அதில் பெயர் கேட்கும் கட்டம், பிறகு அனுப்பு என்ற பொத்தான்’ என்று கிளை கிளையாக விரியும் விவரம். திரைவாசிப்பான்கள் படிப்பது இந்த மரத்தைத்தான். எச்டிஎம்எல்-இல் சரியான பெயர்களைப் பயன்படுத்தினால் மரம் தானாக வளரும். எல்லாவற்றையும் வெறும் பெட்டிகளால் கட்டினால், மரத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

திரைவாசிப்பான் என்பது திரையில் இருப்பதைக் குரலாகவோ பிரெய்ல் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே ஆகிய இரு நண்பர்கள் உருவாக்கிய ‘என்விடிஏ’ உலகெங்கும் இலவசமாகப் பயன்படுகிறது. அதன் பணியை 2006ல் தொடங்கியவர் கர்ரன். இருவருமே பார்வையற்றவர்கள். அப்போது விற்பனையில் இருந்த திரைவாசிப்பான்களின் விலை பலருக்கு எட்டாததாக இருந்தது. அதனால்தான் இலவசமாக ஒன்றை எழுதினார்கள்.

இதைப் பயன்படுத்துபவர்கள் பக்கத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எப்படிக் கண்ணை ஓடவிட்டுத் தலைப்புகளை மட்டும் பார்க்கிறீர்களோ, அப்படியே அவர்களும் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார்கள். குரலின் வேகத்தை அவர்கள் கூட்டி வைத்திருக்கும் விதம் இருக்கிறதே! முதன்முறை கேட்டால் ஏதோ வண்டு ரீங்கரிப்பதுபோல இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் வேலை விண்ணப்பப் பக்கத்தைச் சோதிக்கும் பணியில் நான் ஒருமுறை உடனிருந்தேன். சோதித்தவர் பார்வையற்ற இளம் பெண். அவர் தலைப்புகளைத் தேடினார்; ஒன்றும் இல்லை. பெரிய தடித்த எழுத்துகள் இருந்தன, ஆனால் அவை எல்லாம் பெட்டிகள். படிவத்துக்குள் போனார். கட்டங்களுக்கு அருகில் பெயர், முகவரி என்று அழகாக எழுதியிருந்தது. ஆனால் அந்தச் சொற்கள் கட்டங்களோடு இணைக்கப்படவில்லை. அதனால் அவர் காதில் விழுந்தது “எடிட், எடிட், எடிட்” மட்டுமே. எந்தக் கட்டம் எதற்கு என்று ஊகித்து நிரப்பினார். பிறந்த தேதிக்கு ஒரு நாட்காட்டி திறந்தது. அது நடப்பு மாதத்தில் திறந்து, ஒவ்வொரு மாதமாகத்தான் பின்னால் போகும். அவருக்கு 26 வயது. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அதையும் பொறுமையாக முடித்தார். கடைசியில் ‘அனுப்பு’ பொத்தான் அவருக்கு அகப்படவே இல்லை. நீங்கள் ஊகித்திருப்பீர்கள், அதுவும் ஒரு ‘டிவ்’.

“வழக்கமாக இந்த இடத்தில் தம்பியைக் கூப்பிடுவேன்,” என்றார் அவர். தாம் செய்யப்போகும் வேலைக்குத் தாமே விண்ணப்பிக்க முடியாமல், கேட்கும் சம்பளம் முதற்கொண்டு தம்பியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைகளைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு நாள்தான் ஆனது.

கணினிக்குத் தமிழ் தெரிந்த கதை

சரியான பெயர்கள் எவை என்பதை முடிவு செய்வது யார்? உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா அருகே உள்ள ‘செர்ன்’ ஆய்வுக்கூடத்தில் 1989ல் தம் திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30ஆம் தேதி, அந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அடுத்த ஆண்டே பெர்னர்ஸ் லீ ‘டபிள்யூ3சி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் பொது விதிகளை, அதாவது இணையத் தரநிலைகளை, வகுப்பது அதன் வேலை.

அந்த விதிகளை அன்றைய உலாவி நிறுவனங்கள் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. நெட்ஸ்கேப் ஒன்று செய்யும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொன்று செய்யும். “இந்தத் தளத்தை நெட்ஸ்கேப்பில் பார்ப்பது சிறந்தது” என்று பக்கத்தின் அடியில் முத்திரை குத்தி வைத்திருந்த காலம் அது. ‘எங்கள் நூலைப் படிக்க எங்கள் கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடி தேவை’ என்று ஒரு பதிப்பகம் சொன்னால் எப்படி இருக்கும்!

தமிழ் வாசகர்களுக்கு அந்த மூக்குக்கண்ணாடித் தொல்லை நன்றாகவே தெரியும். 1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருந்தது. காரணம் இதுதான்: அன்றைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தன. திரையில் ‘அ’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தின் எண். அதைக் கணினி தமிழ் என்று அறியாது. சரியான எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறியீடுகள் கொட்டும். அந்த எழுத்தும் ஒருவகையில் வேடம் போட்ட பொத்தான்தான்.

அந்தக் காலத்தில் நம் வட்டாரத்தில் சிலர் இதற்காக உழைத்தார்கள். சிங்கப்பூர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால், 1995ல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997ல் ‘தமிழ்நெட் 97’ மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. தமிழுக்குப் பொதுவான குறியீட்டு முறை வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து வலுப்பெற்றது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கினார். ஆப்பிள் கருவிகளில் இன்று நீங்கள் பார்க்கும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே.

கடைசியில் நிலைத்தது யூனிகோட் எனப்படும் ஒருங்குறி. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் அது தனி எண் தருகிறது. ‘அ’ எங்கே இருந்தாலும் 2949, ‘க’ 2965. கொம்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பிறகு ‘க’ எழுதுகிறோம். பழைய எழுத்துருக்களும் அதே வரிசையில்தான் சேமித்தன. ஒருங்குறியோ, நாம் உச்சரிக்கும் வரிசையில் முதலில் ‘க’வையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது; திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை முன்னால் நகர்த்திக்கொள்கிறது. அகரவரிசைப்படுத்தவும் தேடவும் குரலாக வாசிக்கவும் இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் ஒரு வேலை நிரலாளருக்கு மிச்சம் இருக்கிறது. பக்கத்தின் முதல் வரியிலேயே ‘லாங்’ என்ற பண்பில் இது எந்த மொழிப் பக்கம் என்று குறிப்பிட வேண்டும். தமிழுக்கு இரண்டே எழுத்து: டி, ஏ. அதைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். குறிப்பிடாமல் விட்டாலோ, ஆங்கிலம் என்று தவறாகக் குறிப்பிட்டாலோ, ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திண்டாடும். சில குரல்கள் வாயே திறக்காது.

118க்கும் 119க்கும் நடுவே

‘பக்கத்தை எல்லாரும் எளிதாகப் பயன்படுத்த வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் டபிள்யூ3சி 1999ல் இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டியை வெளியிட்டது. அதன் 2.2 பதிப்பு 2023ல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, சோதித்துப் பார்க்கக்கூடிய வகையில் விதிகள் எழுதப்பட்டிருப்பது.

எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் தாத்தா பாட்டிக்கு அது தெரியவே தெரியாது. நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது உங்களுக்கும் தெரியாது. பின்னணியும் எழுத்தும் எவ்வளவு வேறுபட வேண்டும் என்பதற்கு வழிகாட்டி ஒரு சூத்திரம் தருகிறது. இரு நிறங்களின் ஒளிர்வையும் 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் கணக்கிட்டு, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளையின் மேல் கறுப்பு என்றால் 1.05-ஐ 0.05ஆல் வகுக்கிறோம், விடை 21. அதுதான் உச்சம். வழக்கமான அளவுள்ள எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5 வேண்டும்.

கணினியில் சாம்பல் நிறத்தை 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கிறோம். 118 என்ற சாம்பலை வெள்ளையின் மேல் வைத்தால் 4.54 வருகிறது. 119 வைத்தால் 4.48. முன்னது தேர்ச்சி, பின்னது தோல்வி. வெறுங்கண்ணால் யாராலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எங்காவது ஒரு கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்? அந்தக் கோட்டின் ஓரத்தில் நின்று சண்டை போடாமல் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வைத்துவிடுங்கள் என்பது என் யோசனை.

அமெரிக்காவின் ‘வெப்எய்ம்’ அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை மென்பொருளைக் கொண்டு சோதிக்கிறது. 2024ல் அவற்றில் 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் குறை இருந்தது. ஏதோ ராக்கெட் அறிவியல் தெரியாததால் வந்த குறைகள் என்று நினைத்துவிடாதீர்கள். மங்கலான எழுத்து, படத்துக்கு விளக்கம் இல்லாமை, பெயரில்லாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிப்பிடாத பக்கம். பெரும்பாலானவை இந்த ஆறுக்குள் அடங்கிவிடுகின்றன.

படத்துக்கான விளக்கத்தை ‘ஆல்ட்’ என்ற பண்பில் எழுதுகிறோம். அதை எழுதாமலே விட்டால் திரைவாசிப்பான் சிலசமயம் கோப்பின் பெயரை எண் எண்ணாகப் படித்து உயிரை எடுத்துவிடும். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட் பண்பைப் போட்டு உள்ளே எதையும் எழுதாமல் விட வேண்டும்; வாசிப்பான் பேசாமல் தாண்டிப் போகும். எழுதாமல் விடுவதும், வெறுமையாக எழுதி வைப்பதும் ஒன்றல்ல.

சிட்னி ஒலிம்பிக்கில் ஒரு வழக்கு

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் அதிகாரத்துவ இணையத்தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவைர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 1999ல் புகார் செய்தார். அவர் கணினியைப் பிரெய்ல் கருவி வழியாகப் பயன்படுத்தி வந்தவர். தளத்தின் படங்களுக்கும் பட இணைப்புகளுக்கும் மாற்று உரை இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணைகளை அவரால் படிக்க முடியவில்லை. சரிசெய்வது மிகுந்த சிரமமும் செலவும் தரும் என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. தளத்தைத் திருத்த உத்தரவிட்டது. உத்தரவு முழுமையாக நிறைவேறாததால் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கிடைத்தது. அதற்குள் போட்டிகளே முடிந்துவிட்டன.

செலவு என்ற வாதம் இன்றும் எல்லாக் கூட்டங்களிலும் எழும். அதில் உண்மை இல்லாமலில்லை. சிங்கப்பூரில் 1990க்கு முன் கட்டப்பட்ட பல வீவக புளோக்குகளில் மின்தூக்கி முன்பு எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. சில மாடிகளில்தான் நின்றது; மற்றவர்கள் படியேற வேண்டியிருந்தது. 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தில், புளோக்குகளுக்கு வெளியே புதிய கோபுரங்கள் எழுப்பி ஒவ்வொரு மாடிக்கும் வழி செய்தார்கள். குடியிருப்பாளர்கள் வசித்துக்கொண்டிருக்கும்போதே இடித்துக் கட்டுவது எத்தனை பாடு! வரைபடத்திலேயே எல்லா மாடிகளுக்கும் வாசல் வரைந்திருந்தால் அந்தப் பாடு இல்லை. இணையத்தளமும் அப்படித்தான்.

வேலையிடத்தில் என்ன நடக்கும்?

நிரலாளரின் நாள் முழுவதும் நிரல் எழுதுவதிலேயே கழியும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்தவர் எழுதியதைப் படிப்பது, “இது எத்தனை நாளாகும்?” என்ற கேள்விக்கு விடை தேடுவது, வடிவமைப்பாளரோடும் வாடிக்கையாளரோடும் பேசுவது ஆகியவற்றுக்கே பாதி நாள் போய்விடும். திட்ட அட்டவணையில் அணுகுதன்மைச் சோதனைக்குக் கடைசி வாரத்தை ஒதுக்கியிருப்பார்கள். முன்னால் உள்ள வேலைகள் தாமதமாகி, அந்த வாரத்தைத் தின்றுவிடும். பலமுறை பார்த்துவிட்டேன்.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் சச்சரவு, நீங்கள் தொடக்கத்தில் தேடிய அந்த வளையத்தைப் பற்றியது. “பொத்தானை அழுத்தினால் சுற்றிலும் அசிங்கமாக ஒரு கோடு வருகிறது, எடுத்துவிடுங்கள்” என்று வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். சிஎஸ்எஸ்-இல் ஒரே வரியில் எடுத்துவிடலாம். உலகில் எத்தனையோ தளங்களில் வளையம் காணாமல் போனது இப்படித்தான். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. மவுஸ் பயன்படுத்துபவருக்கு அந்தக் கோடு தேவையில்லைதான். இதற்கும் தரநிலை வகுப்பவர்கள் ஒரு வழி கண்டார்கள். ‘ஃபோகஸ் விசிபிள்’ என்ற புதிய விதி, விசைப்பலகையால் வரும்போது மட்டும் வளையத்தைக் காட்டும். 2022 முதல் முன்னணி உலாவிகள் எல்லாமே அதை ஆதரிக்கின்றன. இன்று யாராவது வளையத்தை எடுக்கச் சொன்னால், சண்டை போடாமல் அந்த விதியை எழுதிக் காட்டிவிடுகிறேன்.

‘ஒரு வரி நிரலைச் சேருங்கள், செயற்கை நுண்ணறிவு உங்கள் தளத்தை எல்லாருக்கும் ஏற்றதாக மாற்றிவிடும்’ என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் நம்புவதில்லை. 2025ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், அப்படி விளம்பரம் செய்த ‘அக்சசிபி’ என்ற நிறுவனத்தைப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் செலுத்தச் செய்தது. அந்தப் படத்தில் இருப்பவர் யார், அந்தப் பொத்தான் எதற்கு என்பதைப் பக்கத்தை உருவாக்கியவர்தான் சொல்ல முடியும்.

சரி, எந்தக் கணினிமொழி படிக்கலாம்? எச்டிஎம்எல்-ஐ முதலில் முழுதாகப் படியுங்கள். பலர் ஒரு வார இறுதியில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கவர்ச்சியான மற்ற மொழிகளுக்கு ஓடிவிடுகிறார்கள். கவர்ச்சியான கருவிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய உலகின் முதல் இணையத்தளத்தின் பக்கங்கள் இன்றைய உலாவிகளிலும் திறக்கின்றன.

படிப்பதற்கு முன் இன்னொரு சோதனையையும் செய்து பார்க்கலாம். உங்கள் கைத்தொலைபேசியிலேயே திரைவாசிப்பான் இருக்கிறது. ஐஃபோனில் அதன் பெயர் ‘வாய்ஸ்ஓவர்’, ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’. இரண்டும் அமைப்புகளில் அணுகுதன்மைப் பகுதிக்குள் இருக்கும். அதை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று கண்டுபிடியுங்கள். ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்லும். இரு முறை தட்டினால்தான் திறக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும். இயக்குவதற்கு முன், அணைப்பது எப்படி என்று படித்துவிடுங்கள். ஐஃபோனில் ‘சிரி’யிடம் சொன்னாலே போதும். இல்லாவிட்டால் அரை மணி நேரம் தொலைபேசி நீங்கள் தொடுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்.